ஏக்கல கோபுரத்திலிருந்து எங்கள் லேன் வரை

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள். இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் வானொலி தொடங்கி நூறு வருடங்கள் ஆகிவிட்டன. 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறையாக ஒலிபரப்பைத் தொடங்கியது. நூறு வருடம் என்றதும் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று எல்லோரும் குரல்களைப் பற்றி எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குரல்களைத் தூக்கிக்கொண்டு போன வலுவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த அதே வலு, வாட் கணக்கில் அளப்பது. ஒரு ட்ரான்ஸ்மிட்டர் எவ்வளவு வலுவோடு பேச வேண்டும்? அதை யார் தீர்மானிப்பது? இந்தக் கேள்வி இப்போது வெள்ளவத்தையில் எங்கள் லேனுக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறோம். முதலில் கதை.

எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர் 1921 இல் தந்தி அலுவலகத்தின் பிரதான பொறியியலாளராக இலங்கைக்கு வந்தார். அவரும் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்களும் சேர்ந்து, முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஒரு ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளை வைத்துச் சின்னதாக ஒரு ட்ரான்ஸ்மிட்டர் செய்தார்கள். மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிறு அறையிலிருந்து கிராமபோன் இசைத்தட்டுகளைப் போட்டு ஒலிபரப்பிப் பார்த்தார்கள். பி.பி.சி. தொடங்கிய 1922 க்கு மூன்றே வருடங்களில் கொழும்பில் நிரந்தர ஒலிபரப்பு வந்துவிட்டது. ஆசியாவின் பல பெரிய நகரங்களில் அப்போது வானொலி என்ற பேச்சே இல்லை.

வலுவின் கதை உண்மையில் தொடங்குவது இரண்டாம் உலகப் போரோடுதான். மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளையகம் 1944 இல் கண்டிக்கு வந்தது. பர்மா தொடங்கி மலாயா வரை பரந்து கிடந்த படையினருக்குச் செய்தியும் பாட்டும் போய்ச் சேர வேண்டும். அதற்காக ஜா-எலைக்குப் பக்கத்தில் ஏக்கலவில் சிற்றலை ட்ரான்ஸ்மிட்டர் நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து நீர்கொழும்பு வீதியால் போனால் அதிக தூரமில்லை. அதன் பெரிய ட்ரான்ஸ்மிட்டர் 100 கிலோவாட். அது முழுமையாக ஒலிபரப்புக்கு வந்தது 1946 இல், போர் முடிந்த பிறகு! படைகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன. அவர்களுக்காகக் கட்டிய கோபுரம் 1949 இல் இலங்கை அரசின் கைக்கு வந்து, ரேடியோ சிலோனின் தொண்டையாக மாறியது.

பிறகு நடந்தது பெரியவர்களுக்குத் தெரியும். 1950 இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952 இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாடல்களைக் கட்டுப்படுத்தினார். இந்திய நேயர்கள் வானொலிக் குமிழைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் நம் தமிழ்ச் சேவை ஒலித்தது. வடக்கே அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா ஒலித்தது. 1957 இல் விவித் பாரதியை இந்தியா தொடங்கியதற்கு இங்கிருந்து போன போட்டியும் ஒரு காரணம். ஒரு சின்னத் தீவின் குரலை ஒரு துணைக்கண்டம் காது கொடுத்துக் கேட்டது என்றால், அறிவிப்பாளர்களின் திறமை பாதி. மீதிப் பாதி அந்த 100 கிலோவாட்டும், சிற்றலையைப் பூமிக்குத் திருப்பி அனுப்பும் மேல் வளிமண்டலத்தின் அயனப் படையும்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஏக்கல கோபுரத்துக்கு வாய் உண்டு, காது இல்லை. கேட்பவர் ஜா-எலையில் இருக்கிறாரா, ஜபல்பூரில் இருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. ஆகவே மிகத் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்கு எந்த நேரமும் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். நோன்பு காலத்தில் முஸ்லிம் சேவையில் மஃரிப் பாங்கு கேட்டு நோன்பு திறந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு குரல், கணக்கில்லாத வீடுகள். அந்த வேலைக்கு அந்த முறை சரி.

ஆனால் ஆளுக்கு ஆள் பேசுவதற்கு அது சரிவராது. ஏக்கல ட்ரான்ஸ்மிட்டர் வந்த அதே 1946 இல், ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் கார்களில் பொருத்தும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. முறை ஏக்கல முறைதான். ஊர் நடுவே உயரமான ஒரு கோபுரம், பெரிய வலு. ஒருவர் ஓர் அலைவரிசையில் பேசினால், ஊர் முழுக்க வேறு யாரும் அதைத் தொட முடியாது. 1970களில்கூட நியூயோர்க் நகர் முழுவதற்கும் இந்த முறையில் இருந்தவை 12 அலைவரிசைகள். வாடிக்கையாளர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர். காத்திருப்போர் பட்டியலில் ஆயிரக்கணக்கானோர். வலுவைக் கூட்டினால் இந்தப் பிரச்சினை தீராது. கூட்டக் கூட மோசமாகும்.

இதற்கான வழியை பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங் 1947 டிசம்பரில் ஒரு குறிப்பில் எழுதினார். ஊரைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரி. ஒவ்வொன்றிலும் வலு குறைந்த ஒரு நிலையத்தை வை. குறைந்த வலு என்பதால் இந்த அறையின் அலை நாலு அறை தள்ளிப் போய்ச் சேராது. ஆகவே அதே அலைவரிசையை அங்கே மறுபடி பயன்படுத்தலாம். செல்போன் என்ற பெயரில் உள்ள ‘செல்’ இந்த அறைதான். மெதுவாகப் பேசுவதை ஒரு குறையாக நினைக்காமல் ஒரு வசதியாகப் பார்த்தவர் அவர். அதைச் செய்து காட்டுவதற்கான இலத்திரனியல் வர இன்னும் முப்பது வருடங்கள் பிடித்தன.

கொழும்புக்கு அது 1989 இல் வந்தது. செல்டெல் நிறுவனம் தொடங்கிய அந்தச் சேவைதான் தெற்காசியாவின் முதல் கையடக்கத் தொலைபேசிச் சேவை. இந்தியாவுக்கும் முந்தி! நாட்டில் போர், தெற்கில் கிளர்ச்சி, ஊரடங்கு. அந்த நேரத்தில் செங்கல் அளவுள்ள ஒரு போனைக் கையில் வைத்திருந்தவர் பெரிய வியாபாரியாகத்தான் இருந்திருப்பார். சாதாரண வீட்டுக்காரர் டெலிகொம் லைனுக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்த காலம் அது. பிறகு 90களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெருவுக்குத் தெரு ‘கொமியூனிகேஷன்’ கடைகள் வந்தன. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அழைப்பு வரும் நேரத்துக்கு வடக்கிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்த அம்மாமார் கதிரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கடைகளின் கதையைத் தனியாக எழுத வேண்டும்.

அந்த முதல் தலைமுறைப் போன்கள் சாதாரண வானொலி போலத் தொடர் அலையில் பேசியவை. கையில் பிடிக்கும் போனின் உச்ச வலு 0.6 வாட். அப்போதே ஒரு முக்கியமான ஏற்பாடு இருந்தது. கோபுரம் போனைப் பார்த்து ‘நீ கிட்ட இருக்கிறாய், ஒரு படி இறங்கு’ என்று கட்டளை அனுப்பும். எட்டுப் படிகள். ஒவ்வொரு படிக்கும் வலு சுமார் இரண்டரை மடங்கு மாறும். கரடுமுரடான ஏணிதான். ஆனாலும் ஏக்கலவுக்கு இல்லாத காது இந்தக் கோபுரத்துக்கு வந்துவிட்டது. பெரிய மாற்றம் என்று நாங்கள் நினைப்பது இதைத்தான்.

1993 இல் மொபிடெல், 1995 இல் டயலொக் என்று வரிசையாக வந்தன. டயலொக்கோடு ஜி.எஸ்.எம். என்ற எண்ணிம முறை வந்தது. 900 மெகாஹேர்ட்ஸில் ஜி.எஸ்.எம். போனின் உச்ச வலு 2 வாட். ஆனால் எட்டு நேரத் துண்டுகளில் ஒன்றில் மட்டுமே அது பேசும் என்பதால் சராசரி கால் வாட். கோபுரம் ஏறத்தாழ அரைச் செக்கனுக்கு ஒரு முறை போனின் வலுவைத் திருத்தும். கோபுரத்துக்கு நல்ல கிட்டவென்றால் 3 மில்லிவாட் வரை, அதாவது உச்சத்தின் அறுநூறில் ஒரு பங்கு வரை, இறக்கிவிடும். ஏக்கலவின் 100 கிலோவாட்டைப் பிரித்துக் கொடுத்தால், அந்த மிகக் குறைந்த வலுவில் பேசும் போன்கள் மூன்று கோடிக்கு மேல் ஓடும். இலங்கையின் மொத்த சனத்தொகையே அவ்வளவு இல்லை.

இனி சி.டி.எம்.ஏ. இந்தப் பெயரை நம் வீடுகளில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2005 ஐ அடுத்து ஸ்ரீலங்கா டெலிகொம், சன்டெல், லங்கா பெல் எல்லாம் போட்டி போட்டுக் கொடுத்த வயர் இல்லாத வீட்டுப் போன். மேசைப் போன் போலவே இருக்கும், பின்னால் குட்டி அன்டெனா ஒன்று நிற்கும். ஹோலில் வைத்தால் கரகரக்கும், ஜன்னல் ஓரத்தில் வைத்தால் தெளிவாகும். வருடக் கணக்கில் லைனுக்குக் காத்திருந்தவர்கள் ஒரே நாளில் இலக்கத்தோடு வீடு திரும்பினார்கள். அந்தப் போனுக்குள் நடந்த வேலை ஒரு சாதனை என்று அப்போது யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

ஜி.எஸ்.எம்.மில் ஆளுக்கு ஒரு நேரத் துண்டு. சி.டி.எம்.ஏ.யில் அப்படிப் பிரிவு இல்லை. எல்லோரும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஆளுக்கு ஆள் குறியீடு மட்டும் வேறு. வெள்ளவத்தை மார்க்கெட்டில் ஒரே கூரையின் கீழ் தமிழ், சிங்களம், ஆங்கிலம் எல்லாம் கலந்து ஒலிக்கும்போது நம் காது நம் மொழியைப் பிடித்துக்கொள்கிறது அல்லவா, அதுபோல. ஆனால் யாராவது ஒருவர் ஒலிபெருக்கி பிடித்துவிட்டால் எந்த மொழியும் எந்தக் காதுக்கும் கேட்காது.

இந்த ஒலிபெருக்கிப் பிரச்சினைக்குப் பொறியியலாளர்கள் வைத்த பெயர் ‘கிட்ட - தூரப் பிரச்சினை’. கணக்கைப் பாருங்கள், உயர்தரப் பிள்ளைகள் கட்டாயம் பாருங்கள். வெட்ட வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் அலை நாலில் ஒன்றாகும். கட்டடம் நிறைந்த நகரத்தில் அதைவிட வேகமாகத் தேயும். பல இடங்களில் தூரத்தின் நாலாம் அடுக்குக்கு நெருங்கும். கோபுரத்திலிருந்து 100 மீற்றரில் ஒருவர், 2 கிலோமீற்றரில் ஒருவர். தூரம் 20 மடங்கு. 20 இன் நாலாம் அடுக்கு 1,60,000. இருவரும் ஒரே வலுவில் பேசினால், கிட்ட இருப்பவரின் அலை ஒரு லட்சத்து அறுபதாயிரம் மடங்கு பலமாகக் கோபுரத்தில் விழும். தூர இருப்பவர் இருந்த இடமே தெரியாது.

இதனாலேயே சி.டி.எம்.ஏ. செல்போனுக்குச் சரிவராது என்று பலர் அடித்துச் சொன்னார்கள். அமெரிக்காவின் குவல்கொம் நிறுவனத்தார் கேட்கவில்லை. அர்வின் ஜேக்கப்ஸ், அன்ட்ரூ விட்டர்பி, கிளைன் கில்ஹவுசன் முதலானோர். கோபுரம் ஒவ்வொரு போனின் அலையையும் அளந்து, செக்கனுக்கு 800 தடவை ‘கூட்டு’ அல்லது ‘குறை’ என்று சொல்லும். ஒவ்வொரு தடவையும் ஒரு டெசிபெல், அதாவது ஏறத்தாழ கால் பங்கு, மாறும். எதற்கு இத்தனை அவசரம்? சுவர்களிலும் வாகனங்களிலும் பட்டுத் தெறித்து வரும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் விடுவதால், போனை ஒரு சாண் நகர்த்தினாலே சிக்னல் நூறு மடங்கு ஏறி இறங்கலாம். காலி வீதியில் பஸ்ஸில் போய்க்கொண்டு பேசுபவரின் போனுக்கு இது செக்கனுக்குப் பல தடவை நடக்கும்.

1989 நவம்பரில், கொழும்பில் செல்டெல் தொடங்கிய அதே வருடம், சான் டியேகோ நகரில் அவர்கள் தொலைபேசி நிறுவனத்தாரை அழைத்துச் செய்து காட்டினார்கள். கடைசி நேரத்தில் ஜி.பி.எஸ். நேரக் குறிப்பில் ஒரு கோளாறு. அது சரியாகும் வரை ஜேக்கப்ஸ் மேடையில் பேச்சை இழுத்துக்கொண்டே போனாராம். (பரீட்சை வினாத்தாள் வரப் பிந்தினால் மண்டபத்தில் நாங்கள் செய்யும் அதே வேலை.) பிறகு செய்து காட்டிய ஓட்டம் வெற்றி. நம் வீட்டு ஜன்னலில் இருந்த போன் வரை வந்தது அந்த ஓட்டம்தான். 3ஜி. வந்தபோது, இலங்கையில் 2006 இல், 800 என்பது 1500 ஆனது.

இந்த வரலாற்றில் எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி ஒரு சின்னச் சமன்பாடு. 1993 இல் பெல் ஆய்வுகூடத்தின் ஜெராட் ஃபோஷினியும் சொரன் மிலியானிச்சும் எழுதிய கட்டுரையில் உள்ளது. ஒவ்வொரு போனுக்கும் ஒரு இலக்கு: மற்றவர்களின் இரைச்சலை விட என் அலை இத்தனை மடங்கு இருக்க வேண்டும். இலக்கு 10, கிடைப்பது 5 என்றால் வலுவை இரட்டிப்பாக்கு. கிடைப்பது 20 என்றால் பாதியாக்கு. அவ்வளவுதான் விதி. பக்கத்து ஆள் எவ்வளவு வலுவில் பேசுகிறார் என்று கேட்கத் தேவையில்லை. எல்லோரையும் மேய்க்க ஒரு அதிபர் தேவையில்லை. ஒவ்வொருவரும் தன் கணக்கை மட்டும் பார்த்துத் திருத்திக்கொண்டே போனால், எல்லோருக்கும் கேட்கக்கூடிய மிகக் குறைந்த வலுவில் எல்லோரும் வந்து நிற்பார்கள் என்று நிறுவிக் காட்டினார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எல்லோருடைய இலக்கும் ஒரே நேரத்தில் நிறைவேறக்கூடியதாக இருக்க வேண்டும். ஆட்கள் கூடிப்போனாலோ இலக்கு பேராசையாக இருந்தாலோ, ஒருவர் கூட்ட மற்றவர் கூட்ட, எல்லோரும் உச்சத்தில் போய் முட்டி நிற்பார்கள். யாருக்கும் கேட்காது. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் குழு வேலை கொடுத்த எந்த ஆசிரியருக்கும் இதற்கு நிறுவல் தேவையில்லை. இரண்டாம் குழு சத்தம் போடுவதால் மூன்றாம் குழு சத்தம் போடும், அதனால் இரண்டாம் குழு இன்னும் சத்தம் போடும், பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து கதவடியில் நிற்பார். ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் கற்ற உத்தி: ‘உங்கள் குழுவின் கடைசிப் பிள்ளைக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் பேசுங்கள்’. ஃபோஷினியின் விதியும் அதுதான். இயலாத கட்டத்தில் யாரையாவது வெளியே நிற்கச் சொல்லத்தான் வேண்டும். பெருநாள் இரவில் அழைப்பு எடுத்தால் ‘வலையமைப்பு பிசி’ என்று வருவது அதுதான். சி.டி.எம்.ஏ.யில் கூட்டம் கூடினால் செல்லே சுருங்கிவிடும், ஓரத்தில் இருப்பவரின் அழைப்பு அறுந்துவிடும். இரவு எட்டு மணிக்கு வீட்டுப் போன் கரகரத்ததற்கு ஒரு காரணம் நம் ஜன்னல். இன்னொரு காரணம் அது எல்லோரும் பேசும் நேரம்.

4ஜி. பற்றி ஒரே ஒரு வரி. போனின் உச்ச வலு இப்போது பொதுவாக 0.2 வாட். செல்லின் ஓரத்தில் நிற்கும் போன் பக்கத்துச் செல்லைக் குழப்பாமல் இருக்க, அதன் இழப்பை முழுதாக ஈடு செய்யாமல் பாதியில் நிறுத்தும் முறையும் வந்துவிட்டது.

சரி, இப்போது எங்கள் லேன்.

பக்கத்துத் தொடர்மாடியின் மொட்டை மாடியில் ஒரு நிறுவனம் அன்டெனா வைக்கப் போகிறது. எதிர்த்து ஒரு கையெழுத்து மனு வீடு வீடாக வந்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. கொண்டு வந்தவர்கள் அக்கறையில்தான் வந்தார்கள், அதில் சந்தேகமில்லை. 2019 இல் யாழ்ப்பாணத்தில் ஸ்மார்ட் கம்பங்கள் நடப்பட்டபோது 5ஜி. என்று எழுந்த பயமும் இப்படித்தான் இருந்தது. மனுவில் ஒரு வரி: ‘டவர் கிட்ட வந்தால் பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சுக் கூடும், ஆகவே தூரப் போகட்டும்.’ எங்கள் கை நின்றது இந்த வரியில்தான்.

மேலே சொன்ன வரலாற்றை வைத்துப் பாருங்கள். டவரைத் தூரத் தள்ளினால் போன் என்ன செய்யும்? கத்தும். அது கத்துவது பிள்ளையின் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு. கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீடு, சந்துக்குள் சந்து, நாலு பக்கமும் கொங்கிரீட். அங்கே பத்து நிமிடம் பேசினால் போன் சுடும், சார்ஜ் ஓடிவிடும். அங்குள்ளவர்கள் கேட்பது டவரை எடுக்கச் சொல்லி அல்ல, வைக்கச் சொல்லி. 2020, 2021 இல் பாடசாலை மூடியிருந்தபோது ஊவா மலைப்பக்கத்தில் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறி இணைய வகுப்பில் உட்கார்ந்த படங்களை எல்லோரும் பகிர்ந்தோம். சிக்னல் அரைக்கோடு காட்டிய அந்தப் போன்கள் முழு வலுவில்தான் ஓடியிருக்கும்.

எண்களையும் வைக்கிறோம். மொட்டை மாடி அன்டெனா ஓர் அலைவரிசைக்கு 20 வாட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலங்கரை விளக்குப் போல ஒரு பக்கமாகக் குவிப்பதால், அதன் நேர் முன்னால் 1000 வாட் போல இருக்கும். நேர் எதிரே 40 மீற்றரில் அதே உயரத்தில் உள்ள வீட்டுக்கு ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 0.05 வாட் வந்து சேரும். பல நாடுகள் பின்பற்றும் சர்வதேச வரம்பு 900 மெகாஹேர்ட்ஸில் 4.5 வாட். தொண்ணூறில் ஒரு பங்கு. நாலைந்து அலைவரிசைகள் சேர்ந்தாலும் வரம்புக்கு நல்ல கீழே. சுவர் இன்னும் குறைக்கும். அன்டெனாவுக்கு நேர் கீழே உள்ள மாடிக்கு இதைவிடக் குறைவு, ஏனென்றால் அலை பக்கவாட்டில் போகிறது. 2011 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வானலைகளைப் ‘புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும்’ என்ற 2பி வகையில் சேர்த்தது உண்மை. அதற்கு அவர்கள் முக்கியமாகப் பார்த்த சான்றுகள் தலையோடு ஒட்டிப் பிடிக்கும் போன் பற்றியவை.

அதற்காக நிறுவனம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டச் சொல்லவில்லை. அதே கணக்கை 4 மீற்றருக்குப் போட்டுப் பாருங்கள். 5 வாட் வரும், வரம்பைத் தாண்டும். ஆகவே அன்டெனாவின் நேர் முன்னால் கிட்டப் போகக் கூடாது. அங்கே போவது யார்? தண்ணீர்த் தாங்கி கழுவ ஏறும் பையன், உடுப்புக் காயப் போடும் ராத்தா, பட்டம் விடும் பிள்ளைகள். மனுவில் இவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. எங்களுக்கு அதுதான் வருத்தம்.

சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளிலேயே ஒரு விதி உண்டு: எந்த நிலையமும் திருப்தியான சேவைக்குத் தேவையான வலுவுக்கு மேல் வெளியிடக் கூடாது. அதைப் பார்க்க இங்கே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது, கட்டடத்தைப் பார்க்க மாநகர சபை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இவற்றைக் கேட்போம் என்கிறோம். அன்டெனா எந்தத் திசைகளைப் பார்க்கப் போகிறது, அந்தத் திசையில் அதே உயரத்தில் மிகக் கிட்ட உள்ள ஜன்னல் எத்தனை மீற்றரில்? மொட்டை மாடிக்கு வேலியும் பூட்டும் உண்டா, தாங்கி கழுவும் நாளில் யாருக்குச் சொல்லி வலுவை நிறுத்துவது? முப்பது வருடக் கூரை அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று பொறியியலாளர் எழுத்தில் கொடுத்தாரா? கரன்ட் போனால் ஓடும் ஜெனரேட்டரின் சத்தம் யார் படுக்கையறைக்குக் கேட்கும்? வாடகைப் பணம் மேல்மாடிக்காரருக்கு மட்டுமா, எல்லோருடைய பராமரிப்பு நிதிக்குமா? இயங்கத் தொடங்கிய பிறகு அளந்து பார்த்த அறிக்கையை நோட்டீஸ் பலகையில் ஒட்டுவார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வராவிட்டால் எதிர்ப்பவர்களில் நாங்களும் சேருவோம்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. சிக்னல் கோடு ஒன்று இரண்டாக இருக்கும்போது நீண்ட நேரம் காதோடு வைத்துப் பேச வேண்டாம். ஸ்பீக்கரில் போடுங்கள், அல்லது ஜன்னலடிக்குப் போங்கள், அந்தப் பழைய சி.டி.எம்.ஏ. போனை வைத்த இடத்துக்கு.

அது பற்றி ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. யாருடைய வீட்டு அலுமாரியிலாவது அந்தப் போன் இன்னும் கிடந்தால், வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் பாடசாலை விஞ்ஞானகூடத்துக்குத் தாருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்ட வேண்டும். ஏக்கல நிலையத்தில் வேலை செய்த பெரியவர்கள், அவர்களின் பிள்ளைகள் யாராவது இந்தப் பக்கத்தில் இருந்தால், அங்கே பார்த்ததைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். சிங்களத்தில் எழுதினாலும் சரி, மொழிபெயர்த்துக்கொள்வோம்.